வலது கண்ணால் பார்த்த பூங்கா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். வலது கண்ணில் புரையை எடுத்து ஆறு வாரங்கள் ஆகின்றன. சொட்டு மருந்து நின்றுவிட்டது. இனிக் குனியலாம், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், படிக்கலாம், எழுதலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவையெல்லாம் உன் அம்மா வழியாக உனக்கு அன்றன்றே வந்து சேர்ந்திருக்கும். இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக. அதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால், என் தவறு வருகிற இடத்தில் பேச்சை மாற்றி, உன் வேலை எப்படி இருக்கிறது, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுவிடுவேன். எழுதினால் தப்ப முடியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பூங்காவுக்குப் போய் வந்தோம். நீ வெளிநாடு புறப்படுவதற்கு முந்தைய கோடையில் மூவருமாகப் போனோமே, அதே பூங்கா. அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். எனக்கும் நினைவிருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்காது. பெரிய புல்வெளியைத் தாண்டி, கண்ணாடி வீட்டுக்குப் போகும் பாதையின் இடப்பக்கத்தில் நீளமான ஒரு பாத்தி. அது முழுவதும் ஒரே வகைப் பூ. நீ அதன் முன்னால் நின்றுகொண்டு, "அப்பா, இந்த நீலத்தைப் பாருங்கள்" என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். சாம்பலைக் கொட்டிப் பரப்பினாற்போல எனக்குத் தெரிந்தது. "இதில் என்னம்மா இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்துவிடலாம், வா" என்று நடந்துவிட்டேன். நீ இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாய். பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாய். அன்று மாலைவரை நீ அதிகம் பேசவில்லை. பயணக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு என் பிறந்த நாளுக்கு நீ அனுப்பிய சட்டையும் இதே கணக்கில்தான் சேர்கிறது. பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல துணிதான், ஆனால் இந்த மண் நிறத்தை எங்கே தேடிப் பிடித்தாய்?" என்று கேட்டேன். "அப்பா, அது கத்தரிப்பூ நிறம்" என்றாய். நான் விடவில்லை. படத்தில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பி உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றும், திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேள் என்றும் சொன்னேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அடுத்தவர் பேரேட்டில் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனுக்கு, பிழை தன் கண்ணில் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. கட்டு அவிழ்த்த மூன்றாம் நாள், அலமாரியில் வேறு எதையோ தேடும்போது அந்தச் சட்டை கைக்கு வந்தது. கத்தரிப்பூ நிறமேதான். செடியில் அன்று காலை விரிந்த பூவின் நிறம். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது என்னவென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குள் இருக்கும் வில்லை பிறக்கும்போது ஏறக்குறைய நிறமற்றது. வயது ஏற ஏற அது மஞ்சளிக்கிறது, புரை முற்றினால் பழுப்பாகவும் ஆகிவிடுகிறது. மஞ்சள் கண்ணாடி என்ன செய்யுமோ அதையே அதுவும் செய்கிறது: ஒளியில் உள்ள நீலத்தையும் ஊதாவையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு மிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது. ஒரே நாளில் இப்படி ஆனால் எவரும் அலறிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவார்கள். பல ஆண்டுகளில் துளித்துளியாக நடப்பதால், மூளையும் அன்றாடம் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே வருகிறது. தாள் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று கடைசிவரை சத்தியம் செய்வோம். புரையை எடுத்த இடத்தில் வைக்கிறார்களே, அந்தச் செயற்கை வில்லை வந்த கதையும் விந்தையானது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மேற்கூண்டு உடைந்து, அதன் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தெறித்தன; அவை உள்ளேயே கிடந்தும் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், அதே வகைப் பிளாஸ்டிக்கால் ஒரு வில்லை செய்து 1949-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். என் வலது கண்ணில் இருப்பது அந்த வம்சத்தில் வந்த பொருள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம்தான் நாள் குறித்திருக்கிறார்கள். ஆகவே இப்போது என்னிடம் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். வலது கண்ணை மட்டும் திறந்தால் செய்தித்தாள் வெள்ளையாக இருக்கிறது; இடது கண்ணை மட்டும் திறந்தால் அதே தாள் நாற்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்ததுபோலப் பழுத்துக் கிடக்கிறது. இந்த நிலை இன்னும் சில வாரங்களுக்கு மேல் நீடிக்காது. அதற்குள் நீ காட்டிய பாத்தியை இரண்டு கண்களாலும் தனித்தனியே பார்த்து, அன்று நான் எதைத் தவறவிட்டேன் என்பதை அளந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. உன் அம்மாவிடம் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. கோடை முடிவதற்குள் ஒருநாள் பூங்காவுக்குப் போகலாம் என்றேன். நானாக அவளை வெளியே அழைத்தது அத்தனை அபூர்வம் என்பதால் அவளும் காரணம் கேட்கவில்லை.

காலையில் வாயில் திறந்த சற்று நேரத்திலேயே உள்ளே இருந்தோம். எனக்குக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும், அம்மாவின் கையில் குடையும். நுழைந்ததும் வலப்பக்க இரும்பு வேலி நெடுகிலும் மார்னிங் குளோரிக் கொடி ஏறியிருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளங்கை அகலப் புனல்கள். நடுவில் வெண்மை, அதிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவும் நீலம். அந்த நீலத்துக்கு ஒப்புச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. வானம் என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும். இன்னும் நெருங்கிப் பார்த்தபோது ஒரே கொடியில் மூன்று நாட்களும் தொங்குவது தெரிந்தது. நாளைய மொட்டு, சுருட்டி முறுக்கிய குடை போல, செம்மை கலந்த ஊதாவாக இருந்தது. இன்றைய பூ நீலம். நேற்றைய பூ சுருண்டு வாடி மறுபடி செவ்வூதாவுக்குத் திரும்பியிருந்தது. சாயப்பொருள் மூன்றிலும் ஒன்றுதான். மொட்டு விரியும் நேரத்தில் இதழின் செல்களுக்குள் இருக்கும் சாறு அமிலத் தன்மையிலிருந்து காரத் தன்மைக்கு மாறுகிறது, பி.எச். அளவில் சொன்னால் 6.6-இலிருந்து 7.7-க்கு ஏறுகிறது. அந்தச் சிறிய ஏற்றத்துக்கே ஊதா மொட்டு நீலப் பூவாகிவிடுகிறது. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். மொட்டும் பூவும் ஒரே அழுக்கு நிறம். திறந்தேன், நீலம். மூடினேன், அழுக்கு.

இப்படி நான் மாற்றி மாற்றிக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்ததை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு நடுவயது அம்மையார் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார் போலும். முகத்தைச் சுளித்துவிட்டு விலகிப் போனார். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "இந்த வயதில் பூங்காவில் நின்றுகொண்டு கண்ணடித்தீர்கள் என்று யாராவது காவலரிடம் சொல்லிவிட்டால் என்னால் விளக்கம் சொல்ல முடியாது, கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்" என்றாள். அன்று முழுவதும் கைக்குட்டையோடுதான் திரிந்தேன். புல்வெளியில் ஒரு சிறுவன் சிறிது நேரம் என் பின்னால் வந்து, தன் தொப்பியால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நான் பார்த்ததையெல்லாம் பார்த்தான்.

பாத்திக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கக் கூடாது என்பதுபோல ஒரு தயக்கத்தில், புல்வெளியை இரண்டு முறை சுற்றிவிட்டுத்தான் அந்தப் பாதைக்குத் திரும்பினேன். இடம் அப்படியே இருந்தது. பாத்தியும் அதே நீளம். அதில் முழுக்க முழுக்கச் செண்டுமல்லி நட்டிருந்தார்கள், தீப்பிடித்ததுபோல ஆரஞ்சு நிறத்தில். அதை இரண்டு கண்களாலும் தனித்தனியே பார்த்தேன். மஞ்சள் வில்லைக்கு ஆரஞ்சோடு பகை இல்லை. இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பாத்தியின் மறுமுனையில் ஒரு தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வாடியதை அப்படியே விட்டால் செடி விதை பிடிக்கப் போய்விடும், கிள்ளிவிட்டால் இன்னொரு முறை பூக்கும் என்று அவராகவே சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பாத்தியில் நீலப் பூ இருந்ததே என்று கேட்டேன். "பருவத்துக்குப் பருவம் மாற்றிவிடுவோம் ஐயா. ஒரே செடியை ஒரே பாத்தியில் தொடர்ந்து வைத்தால் மண்ணில் நோய் தங்கிவிடும். எந்த நீலப் பூ? சால்வியாவா, லொபீலியாவா, அஜெரேட்டமா?" என்றார். எனக்குப் பெயர் தெரியாது என்றேன். "பெயர் வேண்டாம் ஐயா, எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். கதிர் கதிராக நிமிர்ந்து நின்றதா, தரையோடு தரையாகப் படர்ந்திருந்ததா, பஞ்சுக் கொத்துப் போல இருந்ததா?"

மகளே, அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நிறத்தைக் காணாததற்குக் கண்ணில் இருந்த புரை காரணம். பூ நிமிர்ந்து நின்றதா படர்ந்து கிடந்ததா என்பதைப் பழுத்த வில்லை வழியாகவும் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. நீ கூப்பிட்டபோது நின்றும் பார்க்கவில்லை. இதைத்தான் தொலைபேசியில் சொல்ல வராது என்று முதலில் எழுதினேன்.

என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ தெரியவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "நீலம்தானே வேண்டும், வாருங்கள்" என்று எங்களைப் பெரிய மரங்களின் நிழலுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே பழைய கற்சுவர் ஒன்றை ஒட்டி ஹைட்ரேஞ்சியாப் புதர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கொத்தும் ஒரு குழந்தையின் தலை அளவு. சுவரை ஒட்டிய புதர்களில் கொத்துகள் இளஞ்சிவப்பாகவும், சுவரிலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக ஊதாவாகவும், கடைசிப் புதரில் முழு நீலமாகவும் இருந்தன. வேறு வேறு வகைகள் என்று நினைத்தேன். ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டி நட்ட போத்துகள் என்றார் அவர். சுவரின் சுண்ணாம்புக் காரை மழையில் கரைந்து வேரில் இறங்குகிறது, அந்த மண்ணில் அலுமினியம் இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, பூ சிவக்கிறது. சுவருக்குத் தள்ளி, இலைமக்கு மக்கிப் புளித்துக் கிடக்கும் மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறுகிறது. அதே சாயத்தோடு சேர்ந்து நீலமாகிறது. நீலம் குறைந்தால் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம், சிவப்பு வேண்டுமென்றால் சுண்ணாம்பு தூவுவோம், வெள்ளை வகை மட்டும் எதற்கும் மசியாது என்றார். சுவருக்கும் நீலத்துக்கும் நடுவில் நின்ற ஒரு புதரில் ஒரு பக்கத்துக் கிளை சிவப்பும் மறுபக்கத்துக் கிளை நீலமுமாகப் பூத்திருந்தன. கைக்குட்டையை நான் மறந்து நின்றது அங்கே மட்டும்தான்.

அந்தக் கடைசிப் புதரின் அடியில், ஈர மண்ணில், ஒரு களை முளைத்திருந்தது. கானாவாழை. தோட்டக்காரர் களைக்கொத்தை எடுத்தார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். இப்போது குனியலாம் அல்லவா, குனிந்தேன். படகு போல மடிந்த ஒரு பச்சை உறையிலிருந்து பூ தலை நீட்டியிருந்தது. மேலே, எலியின் காதுகள் போல விறைத்து நின்ற இரண்டு நீல இதழ்கள். அவற்றுக்குக் கீழே, இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய மூன்றாவது இதழ். முன்னால் ஊசிமுனை அளவு மஞ்சள் மகரந்தப் பைகள். விரல் நகத்தை விடப் பெரிதில்லை. அன்று நான் பார்த்த நீலங்களில் கலப்பில்லாத நீலம் அதுதான், காசு கொடுத்து யாரும் நடாத களையில். இந்த இனத்துக்கு, செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், கொமெலினா என்று பெயர் வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. டச்சு நாட்டில் கொமெலின் என்ற குடும்பப் பெயரோடு மூன்று தாவரவியலாளர்கள் இருந்தார்களாம். இருவர் பெரிய பெயர் எடுத்தார்கள், மூன்றாமவர் ஒன்றும் சாதிக்காமல் இறந்துபோனார். இரண்டு இதழ் பெரிதும் ஒன்று சிறிதுமான பூ அவர்களுக்குப் பொருத்தம் என்று லின்னேயஸ் எழுதி வைத்தார். செத்துப்போன மனிதரை இப்படியா காலத்துக்கும் குத்திக்காட்டுவது என்று அம்மா அந்த மூன்றாமவருக்காகக் கோபப்பட்டாள். கானாவாழைப் பூ ஒரு காலைப்பொழுதுக்குத்தான். நண்பகலுக்குள் இதழ் கரைந்துவிடும். எப்படியும் மதியத்துக்குள் போய்விடப் போகிறது என்று அம்மா பரிந்து பேசியதால், தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ரோஜாத் தோட்டத்தை, அன்று நான் உன்னை அவசரப்படுத்திக் கூட்டிப்போன அதே ரோஜாத் தோட்டத்தை, இந்த முறை அரை மணியில் முடித்துவிட்டோம். ஒரே ஒரு செடியின் முன்னால் மட்டும் சச்சரவு. பெயர்ப் பலகையில் 'ப்ளூ மூன்' என்று இருந்தது; 1960-களில் ஜெர்மனியில் உண்டாக்கிய வகை. இது நீலமே இல்லை, வெளிறிய ஊதா என்று நான் உறுதியாகச் சொன்னேன். "கண் வந்த ஆறே வாரத்தில் தீர்ப்பெழுத ஆரம்பித்துவிட்டீர்கள்" என்றாள் அம்மா. ஆனால் இந்த ஒரு வழக்கில் நான் சொன்னதுதான் சரி. நீலத்துக்கு வேண்டிய டெல்பினிடின் என்ற நிறமியைச் செய்யும் வழி ரோஜாவிடம் கிடையாது. நூற்றாண்டுக் கணக்கில் ஒட்டுக்கட்டியும் கலந்தும் பார்த்துத் தோற்ற பிறகு, பான்சிப் பூவிலிருந்து மரபணுவை எடுத்து ரோஜாவுக்குள் வைத்து, 2009-இல் ஜப்பானில் நீல ரோஜா என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் பார்வைக்கு ஊதாதான். இதில் வேடிக்கை என்னவென்றால், சிவப்பு ரோஜாவில் இருக்கும் சயனிடின் என்ற நிறமியேதான் கார்ன்ஃப்ளவர் என்ற அசல் நீலப் பூவிலும் இருக்கிறது. ரிச்சர்ட் வில்ஷ்டாட்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டுபிடித்தார். தாவர நிறமிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1915-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சாறு காரமாக இருப்பதால் நீலம் என்று அவர் கருதினார். அது சரியன்று, இரும்பும் மக்னீசியமும் நிறமியோடு பிணைந்து நிற்பதால்தான் அந்த நீலம் என்பது மிகவும் பிற்பாடு தெளிவானது. நோபல் வாங்கியவரே நீலத்தில் தவறியிருக்கிறார் என்பதை உன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

வெயில் உச்சிக்கு வந்ததும் சூரியகாந்திப் பாத்திக்கு எதிரே மரநிழலில் பெஞ்சு பிடித்து உட்கார்ந்தோம். தேனீக்கள் வேலையாக இருந்தன. தேனீக்கு நிறம் தெரியுமா என்பதில் ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்பவர், பல சாயல்களில் சாம்பல் நிற அட்டைகளைப் பரப்பி நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதன்மேல் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு தண்ணீரை எடுத்துவிட்டு அட்டைகளை இடம் மாற்றி வைத்தும், அவை நேராக நீல அட்டைக்கே வந்தன. சாம்பலிலிருந்து நீலத்தைப் பிரித்தறிய அவற்றால் முடிந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. தேனீக்குச் சிவப்பு தெரியாது. அதற்குப் பதில், நமக்குத் தெரியாத புற ஊதா தெரியும். நாம் ஒரே மஞ்சளாகப் பார்க்கும் சூரியகாந்தி இதழ்களின் அடிப்பகுதி தேனீக்குக் கருத்த வளையமாகத் தெரிகிறது. நம் விழித்திரை அந்த ஒளியை ஓரளவு உணரக்கூடியதுதான். வில்லை அதை மறித்துவிடுகிறது. செயற்கை வில்லை வைக்காமல் புரையை மட்டும் எடுத்துவிட்ட அந்தக் காலத்து நோயாளிகளில் சிலருக்குப் புற ஊதா கொஞ்சம் தெரிந்திருக்கிறது. என் புதிய வில்லையும் அதை மறிக்கத்தான் செய்கிறது, விழித்திரைக்கு அது நல்லதில்லை என்பதால். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குளத்தருகே போனபோது அல்லிகள் மூடத் தொடங்கியிருந்தன. வாழ்நாளின் கடைசிப் பகுதியில் குளத்து அல்லியையே திரும்பத் திரும்ப வரைந்த பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேயின் நினைவு வந்தது. ஜிவெர்னி என்ற ஊரில் தானே வெட்டிய குளத்தையும் தானே நட்ட பூக்களையும் வரைந்துகொண்டிருந்தவருக்கு 1912-இல் புரை என்று சொன்னார்கள். அதன் பிறகு வரைந்த படங்களில் நீலம் ஒதுங்கிச் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கொண்டே போயின. சாயக்குழாய்களில் எழுதியிருக்கும் பெயரை நம்பி வண்ணம் எடுக்கும் நிலை வந்தது. 1923-இல் வலது கண்ணுக்கு மட்டும் அறுவை செய்துகொண்டார். வில்லை வைக்கும் முறை அப்போது இல்லை, தடித்த கண்ணாடிதான். பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் சண்டை போட்டார். இடது கண்ணைக் கடைசிவரை தொடவிடவில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "நீங்களும் அப்படி ஏதாவது சொல்லிவிடாதீர்கள், நாள் குறித்தாயிற்று" என்றாள்.

குளத்தைக் கடந்து போகும் வளைவில் சங்குப்பூக் கொடி அடர்ந்திருந்தது. அங்கே உன் அம்மாவின் முறை. பள்ளியில் தமிழ் நடத்தியவளுக்குக் கொடியைக் கண்டதும் பாடம் வந்துவிட்டது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் இதுவும் ஒன்று, அங்கே இதன் பெயர் கருவிளை, வெள்ளைச் சங்குப்பூ செருவிளை என்றாள். இவ்வளவு நீலமான பூவுக்குக் 'கரு' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவர்களுக்கும் புரை இருந்திருக்குமோ என்று கேட்டேன். ஒரு முறை முறைத்துவிட்டு, கருங்குவளையும் நீலம்தான், ஆழ்ந்த நீலத்துக்கும் அவர்கள் 'கரு' என்றே சொன்னார்கள், அந்தச் சொல்லுக்குள் எது கறுப்பு எது நீலம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, உங்களைப் போலச் சட்டையைப் பார்த்து மண் என்று சொல்லவில்லை என்றாள். நான் அன்று அந்தச் சட்டையைத்தான் அணிந்திருந்தேன். காலையில் புறப்படும்போதே அவள் கவனித்திருக்கிறாள். மதியம்வரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

மாலையில் திரும்பும் வழியில், ஹைட்ரேஞ்சியா வரிசைக்கு எதிரே சிவப்புக் கல்வாழைப் பாத்தி ஒன்று இருந்த இடத்துக்கு மறுபடி வந்தோம். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் வெயிலில் அந்தச் சிவப்புதான் கண்ணைப் பறித்தது. இப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருண்டு, ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது; எதிரே நீலக் கொத்துகளோ உள்ளே யாரோ விளக்கு வைத்ததுபோல வெளிறி மிதந்தன. செக் நாட்டு அறிஞர் யான் புர்க்கிஞே 1825-இல் இதை எழுதி வைத்திருக்கிறார். பகலில் நிறம் பார்க்கும் செல்கள் இருட்டில் ஓய்ந்துபோக, நிறமறியாத வேறு செல்கள் வேலையை ஏற்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு ஒளி அநேகமாக எட்டுவதே இல்லை, நீலத்தின் பக்கம் உள்ள ஒளி நன்றாக எட்டுகிறது. இதை நான் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே உன் அம்மா, "அந்தச் சிவப்பு அணைந்துவிட்டது, பாருங்கள்" என்றாள். கைக்குட்டையை எடுத்து வலது கண்ணை மூடினேன். இடது கண்ணில் சிவப்பும் நீலமும் ஒன்றாகவே மங்கின. கண்ணைத் திறந்துகொண்டு, காவலர் ஊதல் ஊதும்வரை அங்கேயே நின்றோம். அம்மா விளக்குக் கம்பங்களைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வளையம் தெரிகிறது என்றாள். எனக்கு முன்பு தெரிந்ததும் அதுதான். அவளையும் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகப் பெயர் பதிந்துவிட்டேன், நீ பதறாதே.

இனி நான் கேட்க வந்தது. அன்று நீ எடுத்த படம் உன் பழைய கைப்பேசியிலோ வேறு எங்கேயோ இன்னும் இருந்தால், தேடி எனக்கு அனுப்பு. என் இடது கண்ணுக்கு இன்னும் இருபத்திரண்டு நாட்கள் இருக்கின்றன. அதற்குள் வந்தால் இரண்டு கண்களாலும் பார்ப்பேன். அது என்ன பூ என்று உனக்குத் தெரிந்திருந்தால் அதையும் எழுது. தெரிந்தால் வந்து சொல்கிறேன் என்று அந்தத் தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கதிர் கதிராக நிமிர்ந்து நின்றதா, படர்ந்திருந்ததா என்பதையாவது எழுது.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: சட்டையின் வலது கையில் ஹைட்ரேஞ்சியாப் புதரடியின் ஈர மண் ஒட்டிவிட்டது. அம்மா துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். கறை போய்விட்டது, எஞ்சியது முழுவதும் கத்தரிப்பூ நிறம்தான்.